மூண்டாம் மாடிக்கு ஒரு நாய்

வாங்கு தம்பி, தாராளமா வாங்கு. வேண்டாம் எண்டு நான் எப்ப சொன்னனான்? 700 சதுர அடி வீடு. அதுக்குள்ள நீ, உன்ர மனிசி, ரெண்டு பிள்ளையள், மாமி, சுவர் நிறையச் சாமிப்படம், கனடாக்காரர் வந்து விட்டிட்டுப் போன சூட்கேஸுகள். மிச்சம் கிடக்கிற இடத்தைச் சும்மா விடலாமோ? சும்மா கிடக்கிறதை வீட்டுக்காரர் கண்டால் இன்னொரு வாடகைக்காரரைக் கொண்டுவந்து உள்ள விட்டிடுவார்.

எந்த நாய் எண்டதையும் போனிலயே முடிவெடுத்துப் போட்டியாம். காட்டினாய், பார்த்தன். நீலக் கண், சாம்பல் முதுகு, பின்னுக்குப் பனிமலை. சைபீரியன் ஹஸ்கி. நல்ல தெரிவு. தெஹிவளை ஸ்டேஷன் ரோட்டுக்கு இதைவிடப் பொருத்தமான பிராணி உலகத்திலயே கிடையாது. 1925 இல அலாஸ்காவில நோம் எண்ட ஊருக்குத் தொண்டைக்கரப்பான் மருந்தை 1,000 கிலோமீற்றருக்கு மேல பனிக்குள்ளால மாறி மாறி இழுத்துக்கொண்டு போய்ச் சேர்த்த கூட்டம் அது. உன்ர வீட்டிலயும் அதுக்கு வேலை இருக்கு: வெள்ளவத்தைச் சந்தையில இருந்து மரக்கறிப் பையை இழுத்து வரலாம்.

ஒரு சின்னக் கரைச்சல்தான். எங்களைப் போல நாய்க்கு உடம்பு முழுக்க வேர்க்காது. பாதத்தடியில கொஞ்சம் ஈரமாகும், அவ்வளவுதான். மிச்சச் சூட்டையெல்லாம் நாக்கை நீட்டி மூச்சு வாங்கித்தான் வெளியில தள்ள வேணும். கொழும்பில வருஷம் முழுக்கச் சராசரி 27, 28 பாகை. அதோட கடற்காத்தின்ர ஈரம். காத்து ஈரமா இருந்தால் அந்த மூச்சு வாங்கலும் பலிக்காது. நாயின்ர உடம்பிலயோ ரெண்டு அடுக்கு மயிர். ஆகவே இரவு பகலா ஏசி போடு. மாசக் கடைசியில மின்சார சபைக்காரர் வீடு தேடி வந்து உனக்குப் பொன்னாடை போர்த்துவினம்.

வேற நாட்டு மிருகத்தைக் கொண்டுவந்து வைச்சுக் காட்டுறதுக்குத் தெஹிவளையில ஏற்கனவே ஒரு இடம் கிடக்குது, மறந்து போனியோ? ஜோன் ஹேகன்பெக் எண்ட ஜேர்மன்காரன் மிருகங்களைச் சேர்த்து வைச்சுத் துவக்கின இடம். 1936 இல அரசாங்கம் பொறுப்பெடுத்தது. டிக்கெட் எடுத்தால் பிள்ளையளோட போய்ப் பாத்திட்டு, ஐஸ்கிரீம் குடிச்சிட்டு வரலாம். ரெண்டாவது மிருகக்காட்சிசாலையை மூண்டாம் மாடியில துவக்காதை. அங்க டிக்கெட் காசும் வராது.

சரி, முகத்தைச் சுருக்காதை. ஹஸ்கி வேண்டாம் எண்டால் வேற என்ன சாதி எண்டு கேக்கிறாய். இதுதான் எனக்குச் சிரிப்பு. கலியாணத்துக்குச் சாதி கேக்கிற எங்கட சனம் நாய்க்கும் அதையே கேக்குது. ஆனா அந்த நாயை எந்தத் தொழிலுக்கு வளர்த்தவை எண்டு மட்டும் கேக்காது. தொழிலை வைச்சு மனிசருக்குச் சாதி பாக்கிறது அநியாயம். தொழிலைப் பாக்காமல் நாயை வாங்கிறதும் அநியாயம்தான். மனிசன் படிச்சு வேற உத்தியோகத்துக்குப் போயிடுவான். நாய் போகாது, அதின்ர ரத்தம் பழைய வேலையையே தேடிக்கொண்டிருக்கும்.

டோபர்மேனை எடு. ஜேர்மனியில அப்போல்டா எண்ட ஊரில டோபர்மேன் எண்ட ஒரு வரி அறவிடுறவர் இருந்தவர். வரி கேட்டுப் போனால் சனம் எப்பிடி வரவேற்கும் எண்டு உனக்குச் சொல்லத் தேவையில்லை. தனக்குத் துணையா வர ஒரு நாய் வேணும் எண்டு அந்த மனிசன் தேடிப் பொறுக்கிக் கலந்து உண்டாக்கின சாதி அது. ஜக் ரஸல் ஆற்ற வேலை? இங்கிலாந்தில டெவன் பக்கத்துப் பாதிரியார் ஒருவர், ஜோன் ரஸல், நரியை வளையில இருந்து கலைக்கிறதுக்கு வளர்த்தது. பார்வைக்குப் பூனை அளவு; பிரசங்கம் துவங்கினால் நிப்பாட்டாது. ஒண்டு வரிக்காரர் வளர்த்தது, மற்றது பாதிரியார் வளர்த்தது. ரெண்டும் உன்ர ஹோலில சோபாவுக்குக் கீழ வாயை மூடிக்கொண்டு படுத்திருக்கும் எண்டு எதிர்பார்க்கிறியே, உன்ர நம்பிக்கையை நான் மெச்சிறன்.

நீட்டு உடம்பும் கட்டைக் காலுமா இருக்கிற டாஷன்ட் இன்னும் நல்லது எண்டு உன்ர மனிசி சொல்லுறா. குட்டியாம், வடிவாம். ஓம், வடிவுதான். வளைக்குள்ள பூந்து உள்ள இருக்கிற மிருகத்தோட சண்டை பிடிக்கிறதுக்கு அந்த உடம்பை நீட்டி, காலைக் கட்டையாக்கினவை. உங்கட வீட்டில தோண்டுறதுக்கு மெத்தைதான் கிடக்கு. அதைத் தோண்டினாலும் பரவாயில்லை. அந்த நீட்டு முதுகுக்குப் படி ஆகாது, கட்டிலில இருந்து குதிக்கிறதும் ஆகாது. முள்ளந்தண்டுத் தட்டு விலகினால் பின்னங்கால் ரெண்டும் விழுந்து போம். உங்கட லிஃப்ட் மாசத்தில எத்தினை நாள் வேலை செய்யுது? மிச்ச நாளில ஆர் அதைத் தூக்கிக்கொண்டு ஏறுறது? மாமியின்ர மரக்கறிப் பையையே வாங்காத கை உன்ர கை.

பக்கும் ஷிட்சுவும் அரண்மனைக்கு வளர்த்தது. சீனத்து ராசா ராணி மடியில இருந்து பழகின சாதி. ஆகவே சின்ன வீட்டுக்குப் பொருந்தும் எண்டு எல்லாரும் சொல்லுவினம், பொய்யும் இல்லை. நிறைய ஓட்டம் கேக்காது, அடக்கமா இருக்கும். ஆனா அந்த மூக்கைப் பார் தம்பி. மனிசன் தன்ர ஆசைக்குத் தலைமுறை தலைமுறையா நசுக்கித் தட்டையாக்கின மூக்கு. மூச்சு வாங்கித்தான் சூடு தணிக்க வேணும் எண்டு முதலே சொன்னன் எல்லே? மூச்சுப் போற பாதையையே குறுக்கிப் போட்டு, அதைச் சித்திரை மாசத்துத் தெஹிவளையில கொண்டுவந்து விட்டால் என்ன நடக்கும்? கவுடானப் பக்கத்தில ஒரு வீட்டில பார்த்தனான். மத்தியானம் பன்ரெண்டு மணி, சீமெந்து நிலத்தில நாலு காலையும் பரப்பிப் படுத்துக் கிடக்குது. நாக்கு நுனி நீலம் பாரிச்சுப் போய், தொண்டைக்குள்ள கரகரவெண்டு ஒரு சத்தம். வீட்டுக்காரி "என்ன வடிவா நித்திரை கொள்ளுது பாருங்கோ" எண்டு படம் எடுக்கிறா. நித்திரை இல்லைப் பிள்ளை, ஈரத் துணி கொண்டு வா எண்டு நான்தான் கத்தினது.

அதோட உனக்கு இன்னொரு கதை கிடக்கு. கன விமானக் கம்பனியள் தட்டை மூக்கு நாயளைச் சரக்கறையில ஏத்தாது. வழியில மூச்சு நிண்டால் ஆர் பொறுப்பு? நீயோ கனடாவுக்குக் கோப்புப் போட்டிருக்கிறாய். மச்சான் ஸ்கார்பரோவில. மனிசி நேத்திக்கு மேல நேத்தி வைச்சு, ஒவ்வொரு செவ்வாயும் வெள்ளவத்தையில ஒரு கோவில், ஒவ்வொரு வெள்ளியும் இன்னொரு கோவில். நாய் 12, 13 வருஷம் இருக்கும். சின்னச் சாதியெண்டால் 15 உம் போகும். உன்ர வீட்டு ஒப்பந்தம் எவ்வளவு காலம்? ஒரு வருஷம். விசா வாறது எப்ப? அது முருகனுக்கே தெரியாது. வந்த அண்டைக்கு மாமியைக் கொண்டு போகலாமோ எண்டே நீ யோசிப்பாய். நாயை ஆர் கொண்டு போறது?

தெஹிவளைக் கடற்கரையில, ரயில் பாதைக்கு அங்கால, பின்னேரத்தில நடந்து பார். பாறையடியில படுத்திருக்கிற நாயளுக்குள்ள ஒண்டு ரெண்டுக்குக் கழுத்தைச் சுத்தி மயிர் தேஞ்ச வட்டம் தெரியும். பட்டி கிடந்த அடையாளம். மயிர் சிக்குப் பிடிச்சு, காது முழுக்க உண்ணி. அதுகளும் ஒரு காலத்தில ஆரோ போனில பார்த்து ஆசைப்பட்டதுகள்தான். சட்டம் என்ன செய்யும் எண்டு கேக்காதை. மிருகவதைக்கு எதிரா வெள்ளைக்காரன் 1907 இல எழுதின கட்டளைச் சட்டத்தில போட்டு வைச்ச தண்டம் 100 ரூபா. இண்டைக்குக் காலி வீதிச் சாப்பாட்டுக் கடையில ஒரு பிளேன்டீயும் அரை வடையும் வரும்.

நீ இடம் இடம் எண்டு அந்தரப்படுறாய். இடம் பெரிய விஷயமில்லை. கிரேஹவுண்ட் எண்டொரு சாதி, ஓடத் துவங்கினால் மணிக்கு 60 கிலோமீற்றருக்கு மேல. ஓடாத நேரம் முழுக்க நித்திரை. காலையும் பின்னேரமும் ஒழுங்காக் கூட்டிக்கொண்டு போனால் சின்ன வீட்டில அது ஒரு அரியண்டமும் தராது. கைக்குள்ள அடங்கிற டெரியர் அப்பிடியில்லை. யன்னலால எட்டிப் பாத்து, போற வாற ஓட்டோ எல்லாத்தையும் எண்ணிக் குரைக்கும். அளவை வைச்சு நாயைத் தெரிவு செய்யிறது, உயரத்தை வைச்சு மாப்பிள்ளை தெரிவு செய்யிறது மாதிரி. உனக்குத் தமிழ்ப்பற்று பொங்கினால் ராஜபாளையம் இருக்கு. 2005 இல இந்தியா நாலு நாட்டு நாய்க்கு முத்திரை வெளியிட்டது; அதில ஒண்டு அது. வெள்ளை வெளேரெண்டு, அரசகளை. அந்த வெள்ளை நிறத்தோட சிலதுக்குப் பிறவிச் செவிடும் வரும். காட்டில பண்டி துரத்தினது. காலி வீதியில அதுக்குத் துரத்தக் கிடைக்கிறது 100 ஆம் இலக்க பஸ்தான்.

லாப்ரடோர் எண்டு நீ இழுக்கிறது கேக்குது. நல்ல குணம், பிள்ளையளோட வாரப்பாடு. ஆனா வளர்ந்த கடுவன் 30 கிலோவுக்குக் கிட்டப் போகும், சிலது தாண்டும். 2016 இல கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தார் பார்த்துச் சொன்னவை, லாப்ரடோரில ஏறக்குறைய நாலில ஒண்டுக்கு மரபணுவிலயே ஒரு குறை, சாப்பாட்டு ஆசை அடங்காதாம். உன்ர மாமி ஆரையும் வெறும் வயித்தோட விடாத மனிசி. அந்த நாயையும் மாமியையும் ஒரே குசினியில விட்டால், ஆறாம் மாசம் அதைப் படியில இறக்க நாலு பேர் வேணும்.

அப்ப எது விஷயம் எண்டால், நேரம். நீ காலமை ஆறரைக்குக் கோட்டைக்கு ரயில் பிடிக்கிறாய். மனிசி ஏழுக்கு. பிள்ளையளுக்குப் பள்ளிக்கூடம், அதுக்குப் பிறகு ரியூசன், ரியூசனுக்குப் பிறகு இன்னொரு ரியூசன். எல்லாரும் வீடு வாறது ஏழரைக்கு. வந்தாலும் கண் போனில. நாய்க்கு வேலையுமில்லை, நிக்க நேரமுமில்லை எண்டு பழமொழி சொல்லுவினம். உன்ர வீட்டில அது தலைகீழ், மனிசருக்குத்தான் நிக்க நேரமில்லை. மூண்டு மாசக் குட்டி நாலு மணித்தியாலத்துக்கு மேல மூத்திரத்தை அடக்காது. விளங்குதோ? நாயை நீ வாங்குவாய், பேரைப் பிள்ளையள் வைக்குங்கள், படத்தை மனிசி போடுவா, மூத்திரத்தை மாமி துடைப்பா. ஆகவே நாய் வாங்கிறதுக்கு முதல் நீ கேக்க வேண்டிய ஆள் நானில்லை. மாமியிட்ட கேட்டனியோ? கேக்கேல்லை. எனக்குத் தெரியும்.

மாமிக்குப் பிறகு மாடிக்காரர். தொடர்மாடி எண்டால் 1973 இல வந்த சட்டம் கிடக்கு, முகாமைத்துவக் கூட்டுத்தாபனம் கிடக்கு, அதுக்கொரு விதிமுறை கிடக்கு. நாய் வளர்க்கலாமோ எண்டு அதில எழுதியிருக்கும். வாடகை ஒப்பந்தத்திலயும் எழுதியிருக்கும். குட்டியைக் கொண்டுவந்து பிள்ளையள் அதோட ஒட்டின பிறகு அந்தத் தாளைத் தேடி எடுக்காதை. எதிர் வீட்டு நானா அஞ்சு நேரமும் தொழுகிற மனிசன். நாயின்ர எச்சில் உடுப்பில பட்டால் அவருக்கு அது பெரிய சோலி. திரும்பக் கழுவ வேணும். நல்ல மனிசன், உன்னட்டச் சொல்லமாட்டார், லிஃப்டை விட்டிட்டுப் படியால ஏறுவார். ஆகவே லிஃப்டுக்குள்ள சங்கிலியைக் கட்டையாப் பிடிக்க வேணும், அவர் நிண்டால் அடுத்ததில வாறன் எண்டு சொல்ல வேணும். கீழ்வீட்டு அம்மா கந்தசஷ்டிக்கு விரதம் பிடிச்சுக்கொண்டு இருக்கேக்க மேல பொமரேனியன் குரைச்சால், அவவின்ர சாபம் சும்மா விடாது. பொமரேனியன் குரல் தெரியும் எல்லே? 1912 இல டைட்டானிக் தாண்டபோது தப்பின நாய் மூண்டு எண்டு சொல்லுவினம், அதில ரெண்டு பொமரேனியன். வாயை மூடுறதுக்காகத்தான் அதுகளைப் படகில ஏத்திவிட்டவை எண்டு எனக்கொரு சந்தேகம்.

சரி, இனிக் காசு. குட்டியின்ர விலையைத்தான் நீ பார்த்திருக்கிறாய். அது நுழைவுச் சீட்டு. நாய் வித்த காசு குரைக்காது எண்டு விக்கிறவருக்குத் தெரியும். வாங்கின நீதான் குரைக்கப் போறாய். விக்கிறவரிட்டப் போனால் ரெண்டு விஷயம் கேள். தாய் நாயைக் காட்டச் சொல்லு. "தாய் வேற இடத்தில நிக்குது" எண்டால் செருப்பைப் போட்டுக்கொண்டு வெளிக்கிடு. குட்டிக்கு எத்தினை கிழமை எண்டு கேள். எட்டுக் கிழமைக்கு முதல் தாயை விட்டுப் பிரிச்ச குட்டி, கடிக்கிறதில அளவு தெரியாமல் வளரும். "வெளிநாட்டுக் கடதாசி இருக்கு" எண்டு ஒரு தாளைக் காட்டுவார். கடதாசி குரைக்காது, கடதாசிக்குப் பார்வோ நோயும் வராது. தடுப்பூசி அட்டையைக் காட்டச் சொல்லு.

பிறகு உண்ணி. கொழும்பு நாய்க்கு எதிரி கள்ளனில்லை, உண்ணிதான். கடிச்சு ரத்தத்துக்குள்ள கிருமியை விட்டுப்போடும். நாய் ரெண்டு நாள் சாப்பிடாது, முரசு வெளிறும், மூத்திரம் தேத்தண்ணி நிறத்தில போகும். கிழமைக்கு ரெண்டு தரம் நாயை மல்லாக்கப் போட்டு, விரலிடுக்கு, காதுக்குள், வாலடி எண்டு விரலால தடவிப் பாக்க வேணும். உதட்டை மெல்லத் தூக்கி முரசை அமத்திப் பார்: வெள்ளையாகி உடன திரும்பச் சிவந்தால் சுகம், சிவக்க நேரம் எடுத்தால் மிருக வைத்தியரிட்ட ஓடு. உன்ர நகத்துக்கு அழுக்குப் படாது எண்டால் நாய் வளர்க்கிற யோசனையை இப்பவே விடு.

சாப்பாட்டில நான் ஒண்டு சொன்னால் நீ சிரிப்பாய். அச்சுவேலியில தலைமுறை தலைமுறையா வெங்காயம் போட்ட குடும்பம் எங்கட. நானே சொல்லுறன், நாய்க்கு வெங்காயம் ஆகாது. சின்ன வெங்காயமும் ஆகாது, உள்ளியும் ஆகாது, ரத்தச் சிவப்பணுவை உடைச்சுப்போடும். மாமி மிஞ்சின குழம்பைச் சோத்தில பிசைஞ்சு வைப்பா, அது பாசம்; பாசத்தாலயும் ரத்தச்சோகை வரும். கனடாக்காரர் கொண்டுவாற சொக்கலேற்றும் குடாதை, முந்திரிகைப் பழமும் குடாதை. அவிச்ச கோழி எலும்பு சிராய் சிராயா உடைஞ்சு குடலைக் கீறும். சோறு, அவிச்ச மீன், கொஞ்சம் பூசணி, உப்பு உறைப்பு இல்லாமல். ஊரில எங்கட ஜிம்மி அதில கிழடாகிற மட்டும் இருந்தது.

ஊசியைப் பற்றிப் பகிடி விட மாட்டன். விசர்நாய்க்கடிக்கு இந்த நாட்டில 1893 இலயே சட்டம் வந்தது. 1901 இல நாயைப் பதியவும் ஒண்டு வந்தது. வந்தும் 1973 இல மட்டும் 377 பேர் செத்தவை. ஊசி வீடு வீடா வந்த பிறகுதான் அது வருஷத்துக்கு இருபது, முப்பது எண்டு இறங்கினது. விசர் வந்த ஆளைத் தப்பப் பண்ண மருந்தில்லை. நாய்ச் சாதி பார்த்து அந்தக் கிருமி வாறதில்லை. லட்சம் குடுத்து வாங்கின நாய்க்கும் வரும், வேலிக்குள்ளால வந்த நாய்க்கும் வரும். ஆகவே வருஷா வருஷம் ஊசி. எந்த நாய் கடிச்சாலும், கீறினாலும், ஓடுற தண்ணியில சவுக்காரம் போட்டுக் கால் மணித்தியாலம் கழுவிப்போட்டு, களுபோவில ஆஸ்பத்திரிக்கு உடன போ. மஞ்சள் பூசிக்கொண்டு வீட்டில இராதை.

இவ்வளவும் சொல்லியும் உனக்கு நாய் வேணும். நல்லது, நாய் வேணும் எண்டிற மனிசன் கெட்டவனில்லை. இப்பதான் என்ர மனசில கிடக்கிறதைச் சொல்லுறன். எங்கட ஊரில வைரவர் இல்லாத குறிச்சி இல்லை. சூலத்துக்குப் பக்கத்தில நிக்கிற அவற்ற வாகனத்தைக் கிட்டப் போய்ப் பார். ஒட்டின வயிறு, நிமிர்ந்த காது, வளைஞ்ச வால். நீலக் கண்ணும் இல்லை, தட்டை மூக்கும் இல்லை. கடவுளுக்கு வாகனமாகிற தகுதி உள்ள நாய் உன்ர வீட்டுக்குத் தகுதி காணாதோ? 1957 கார்த்திகையில ரஷ்யாக்காரர் பூமியைச் சுத்த அனுப்பின லைக்காவும் மொஸ்கோத் தெருவில பிடிச்ச நாய்தான். தெருவில பசியும் குளிரும் தாங்கினது எண்டு பார்த்துத்தான் எடுத்தவை. பாவம், அது திரும்பி வரேல்லை. ஆனா ஏத்தினவைக்கு ஆரைத் தெரிவு செய்யிறது எண்டு தெரிஞ்சிருந்தது.

ஊர் நாயை எந்த வரிக்காரரும் வளர்க்கேல்லை, எந்தப் பாதிரியாரும் கலக்கேல்லை. இந்த வெயிலும் ஈரமும்தான் அதை வளர்த்தது. ஒட்டின மயிர், நல்ல மூக்கு, நடுத்தர உடம்பு, மிச்சச் சோத்துக்கு முறைச்சுப் பாக்காத வயிறு. 2006 இல இருந்து கட்டாக்காலி நாயளைப் பிடிச்சுக் கொல்லுறதில்லை எண்டு அரசாங்கம் முடிவெடுத்தது. ஆகவே தெருவில நிக்கிறதுகளுக்கு ஊசியும் கருத்தடையும் வீடும்தான் வழி. ஒட்டாரா குணவர்தன 2007 இல தொடங்கின எம்பார்க் மாதிரி ஆக்கள் தெரு நாயளுக்கு வீடு தேடிக் குடுக்கினம். அங்கயும் கேட்டுப் பார்க்கலாம்.

ஆனா கண்ணை மூடிக்கொண்டு பிடிச்சு வராதை. குட்டி எடுக்காதை; ரெண்டு மூண்டு வயசு தாண்டினதை எடு. குட்டி என்ன குணத்தில வளரும் எண்டு ஆருக்கும் தெரியாது, வளர்ந்ததின்ர குணம் முன்னுக்கே நிக்குது. தெருவை ஆளுற நாயை, சந்தி முழுக்கக் காவல் செய்யிற நாயை, மூண்டாம் மாடியில அடைக்காதை. அது யன்னலடியில நிண்டு ஊளையிட்டே செத்துப்போம். மனிசர் காலடியில படுக்கப் பாக்கிற சோம்பேறியைப் பார்த்து எடு. சாப்பாட்டு நேரத்தில ஒருக்கா, சும்மா கிடக்கிற நேரத்தில ஒருக்காப் போய்ப் பார். தட்டு ஒண்டைக் கை தவறினது மாதிரிக் கீழ போடு. திடுக்கிடும், அது சரி. திடுக்கிட்ட பிறகு திரும்பி வந்து மணந்து பார்த்தால் அது உனக்குரிய நாய். சித்திரை வருஷப்பிறப்பு வெடியையும் தீபாவளி வெடியையும் தாங்கும். காதைத் தொடு, பாதத்தைத் தொடு. பல்லைக் காட்டாட்டி பிள்ளையளைக் கிட்ட விடு.

உங்கட கேற்றடியில, செக்யூரிட்டி ஐயாவின்ர கதிரைக்குக் கீழ, மண்ணிறப் பெட்டை நாய் ஒண்டு படுக்குது. காதில வெட்டு இருக்கு; கருத்தடை செய்தாச்சு எண்ட அடையாளம். உன்ர சின்னவன் பள்ளிக்கூடத்தால வரேக்க பணிஸில பாதி அதுக்குப் போகுது; இது உனக்குத் தெரியாது, எனக்குத் தெரியும், மாமிக்கும் தெரியும். எதிர் வீட்டு நானா வந்தால் அது தானாக எழும்பி அங்கால போய்ப் படுக்குது. நீ போனில தேடினது இதைத்தான் எண்டு நினைக்கிறன்.

நாளைக்குக் காலமை செக்யூரிட்டி ஐயாவிட்டக் கேள், மாநகர சபையால வந்து அதுக்கு ஊசி போட்ட துண்டு இருக்கோ எண்டு. இல்லாட்டி முதல் ஊசி. பிறகு வீட்டுக்காரர், பிறகு மாடிக்காரர். மாமி ஓம் எண்டால் மேல கூட்டிக்கொண்டு போ. மாமி இல்லை எண்டால் கீழயே நிக்கட்டும். சோத்துக் காசையும் ஊசிக் காசையும் நீ குடு.